வேலை அனுமதிக்கு உள்ளூராட்சியின் உதவியைப் பெறுவது எப்படி? அமெரிக்காவில் ஆவணமின்றி வாழும் தமிழர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்போருக்கும்

அமெரிக்காவில் வேலை அனுமதி அட்டையை எந்த மாநகராட்சியும், எந்தக் கவுண்டியும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), எந்த மாநில ஆளுநரும் வழங்க முடியாது. குடியேற்றம் முழுவதும் கூட்டாட்சி அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஐ-765 என்ற வேலை அனுமதி விண்ணப்பப் படிவத்தைப் பரிசீலித்து அட்டையை அச்சிட்டு அனுப்புவது யுஎஸ்சிஐஎஸ் என்னும் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை மட்டுமே. 1986ஆம் ஆண்டின் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம் வேலை அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே பணியில் அமர்த்துவதைத் தடை செய்து, ஒவ்வொரு முதலாளியும் ஐ-9 படிவத்தில் பணியாளரின் ஆவணங்களைச் சரிபார்த்துப் பதிய வேண்டும் என்று விதித்தது. இதை அறிந்தவர்கள் பலர், நகராட்சிக்குப் போய் என்ன பயன் என்று அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிடுகிறார்கள். உண்மையில், அந்த அட்டைக்குத் தகுதி தரும் சான்றுகளில் சில உள்ளூர்க் காவல் துறையிலும் கவுண்டி நீதிமன்றத்திலும்தான் கையெழுத்தாகின்றன. விண்ணப்பத்தை எழுதித் தரும் வழக்கறிஞருக்கு ஊதியம் கொடுப்பதும் பல நகரங்களில் நகராட்சியே. எதை யாரிடம், எந்த வரிசையில் கேட்பது என்பதையே கீழே விளக்கியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே கூறப்படுபவை பொதுவான விளக்கங்களே. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் கோப்பைப் படித்துப் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். 2025 பிப்ரவரியில் வெளியான யுஎஸ்சிஐஎஸ் வழிகாட்டுதலின்படி, விண்ணப்பம் மறுக்கப்பட்டு, விண்ணப்பதாரருக்குச் சட்டப்படி தங்கும் நிலையும் இல்லையென்றால், குடியேற்ற நீதிமன்றத்தில் தோன்றுமாறு அறிவிக்கை அனுப்பப்படலாம். எனவே, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்ப்பது இன்று ஆபத்தான செயல்.

உங்கள் கோப்பை முதலில் சேருங்கள்

எந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பும், நீங்கள் நாட்டுக்குள் எந்த நாளில், எந்த வழியாக, எந்த விசாவில் வந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விசா முத்திரை, ஐ-94 வருகைப் பதிவு, ஏதேனும் அரசுக் கடிதத்தில் 'ஏ' என்ற எழுத்துடன் தொடங்கும் எண் இருந்தால் அந்தக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைச் சேருங்கள். விசாவில் முறையாக வந்து காலம் முடிந்தும் தங்கிவிட்டவருக்கும், எல்லையைக் கடந்து பரிசோதனையின்றி வந்தவருக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு; பின்னாளில் குடும்பத்தார் வழியாகக் கிரீன் கார்டு கேட்கும்போது அந்த வேறுபாடே வழக்கைத் தீர்மானிக்கக்கூடும்.

'ஏ' எண் இருப்பவர்கள், தங்கள் பெயரில் குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதா, அடுத்த விசாரணை என்று என்பதை நீதிமன்றத்தின் தானியங்கி இணையத் தகவல் பக்கத்தில் அந்த எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். முகவரி மாறியதால் அறிவிக்கை கைக்கு வராமலே போய், விசாரணைக்கு வராததால் நாடுகடத்தல் ஆணை பிறந்துவிட்ட வழக்குகள் ஏராளம். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தின் மூலம் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவர்கள் நீதிமன்றத்துக்குத் தனியாக ஐந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒன்றுக்கு அனுப்பினால் மற்றொன்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

நகராட்சி ஊதியம் தரும் வழக்கறிஞரைக் கண்டுபிடியுங்கள்

குடியேற்ற நீதிமன்றத்தில், வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்படும் உரிமை இல்லை. குற்றவியல் வழக்கில் இருக்கும் அந்த உரிமை இங்கே இல்லாததால் ஏற்படும் இடைவெளியை நிரப்பத்தான் பல நகரங்களும் கவுண்டிகளும் தங்கள் வரவுசெலவில் பணம் ஒதுக்கத் தொடங்கின. நியூயார்க் நகரம் 2013இல், தடுப்புக்காவலில் இருந்த குடியேறிகளுக்கு அரசு செலவில் வழக்கறிஞர்களை வழங்கும் திட்டத்தை நாட்டிலேயே முதலில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில், வசதியற்றவர்களுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் அலுவலகத்திலேயே 2017இல் குடியேற்றப் பிரிவு திறக்கப்பட்டது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமும் கவுண்டியும் இணைந்து இதற்கென ஒரு நிதியை உருவாக்கின.

நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் நகராட்சிச் சேவைகளுக்கான 311 என்ற எண்ணை அழைத்து, குடியேற்றச் சட்ட உதவி வேண்டும் என்று சொன்னாலே போதும். நகராட்சியின் நிதி பெறும் தொண்டு நிறுவனத்தின் பெயரும் எண்ணும் தரப்படும். மற்ற ஊர்களில் மேயர் அலுவலகத்தின் கீழோ கவுண்டி நிர்வாகத்தின் கீழோ 'குடியேறிகள் நல அலுவலகம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சிற்றூர்களில் பொது நூலகத்தில் கேளுங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நீதித் துறையின் அங்கீகாரம் பெற்று குடியேற்ற உதவி வழங்கும் நூலகங்கள் அமெரிக்காவில் உண்டு.

அழைக்கும்போது உங்கள் குடியேற்ற நிலையைத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. பெயர், ஊர், எந்த வகை உதவி என்பது போதும். மற்றவற்றை வழக்கறிஞரிடம் தனி அறையில் சொல்லுங்கள். அவரிடம் சொல்வது சட்டப்படி காக்கப்படும் இரகசியம். நகராட்சியின் தொலைபேசி எழுத்தரிடம் சொல்வது அப்படி அல்ல.

மொழிபெயர்ப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். நியூயார்க் நகரத்தின் 2017ஆம் ஆண்டு மொழிச் சட்டம் ஆவணங்களை மொழிபெயர்க்கக் குறித்துள்ள 10 மொழிகளில் வங்காளமும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. ஆயினும் தொலைபேசி வழியான மொழிபெயர்ப்பு நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் தரப்படுகிறது. 'இந்தியன்' என்றோ 'ஸ்ரீலங்கன்' என்றோ சொன்னால் இந்தியோ சிங்களமோ பேசுபவரை இணைத்துவிடும் தவறு நேர்வதால், மொழியின் பெயரை 'டமில்' என்று அவர்களுக்குப் புரியும் உச்சரிப்பில் தெளிவாகச் சொல்லி, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் குறிப்பிடுங்கள். அகதித் தஞ்ச வழக்கில் ஒரு சொல் பிறழ்ந்தால் வாக்குமூலம் முரண்படுவதாகக் கொள்ளப்படலாம் என்பதால் இது சிறிய விஷயம் அல்ல.

படிவம் நிரப்பித் தரும் கடைகளில் 'நோட்டரி' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சியாக முத்திரை இடுபவர் மட்டுமே. குடியேற்ற விவகாரத்தில் ஆலோசனை கூறும் அதிகாரம், பதிவு பெற்ற வழக்கறிஞருக்கும் நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும்தான் உண்டு. இருவரையும் பெயரைக் கொண்டு அரசுப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

அகதித் தஞ்சம்: காலக்கெடுவே பாதி வழக்கு

இலங்கைத் தமிழர்கள் பலருக்கு வேலை அனுமதி இந்த வழியாகவே வந்திருக்கிறது. நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள், தஞ்சம் கோரும் ஐ-589 படிவம் பதிவாக வேண்டும். சூழ்நிலை மாறியது, கடும் நோய் போன்ற விதிவிலக்குகள் உண்டு என்றாலும், அவற்றை நிரூபிப்பது தனி வழக்காகவே ஆகிவிடும். ஓராண்டைத் தவறவிட்டவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை; நாடுகடத்தலைத் தடுத்துவைக்கும் ஆணை, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழான பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அந்தக் கெடு இல்லை, அவை கிடைத்தவருக்கும் வேலை அனுமதி உண்டு. ஆனால் அவற்றில் நிரூபிக்க வேண்டிய அளவு கூடுதல், கிரீன் கார்டுக்கு அவை கொண்டு செல்வதும் இல்லை.

தஞ்சக் கோரிக்கை பதிவாகி 150 நாட்கள் கழிந்தபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்; 180 நாட்கள் நிறைவதற்கு முன் அட்டை வழங்கப்படாது. விண்ணப்பதாரரே விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டால் அந்த நாட்கணக்கு நின்றுவிடும். வழக்கறிஞருக்கு வசதியான நாள் வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்கப்படும் ஓர் ஒத்திவைப்பு, குடும்பத்தின் வருமானத்தைப் பல மாதங்கள் தள்ளிப் போட்டுவிடக்கூடும்; எனவே தேதி மாற்றும் முன் நாட்கணக்குக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கு முன் கட்டணம் இல்லாமல் இருந்த இந்த வழிக்கு, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் கட்டணம் விதித்தது. தஞ்சக் கோரிக்கைக்கு 100 டாலர், அது நிலுவையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டாலர், முதல் வேலை அனுமதிக்கு 550 டாலர் என்று தொடங்கிய இந்தத் தொகைகள் விலைவாசியோடு உயர்பவை. வருமானம் இல்லை என்று காட்டித் தள்ளுபடி பெறவும் வழியில்லை. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் கோரிக்கையே பாதிக்கப்படலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே நகராட்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு நியூயார்க் நகரமே சான்று. அந்நகரம் 2023 ஜூனில் தஞ்ச விண்ணப்ப உதவி மையம் ஒன்றைத் திறந்து, வழக்கறிஞர்களின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற உதவியாளர்களைக் கொண்டு பல்லாயிரம் படிவங்களை நிரப்பி அனுப்பியது. நகரத்தின் நோக்கம் கருணை மட்டும் அல்ல. தஞ்சம் கேட்டவர் வேலைக்குப் போனால்தான் நகராட்சி நடத்தும் தங்குமிடத்தில் ஒரு படுக்கை காலியாகும் என்ற கணக்கும் அதில் இருந்தது. உங்கள் ஊர் மன்றத்தில் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்வது பயன் தரும்.

காவல் நிலையத்தின் கையெழுத்து: யு விசா

உள்ளூராட்சியின் கை நேரடியாகப் படும் வழி இதுவே. நம்மவர்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் இதுவே. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, கடுமையான தாக்குதல், மிரட்டிப் பணம் பறித்தல், கட்டாய உழைப்பு, வெளிநாட்டுத் தொழிலாளரை ஏமாற்றி ஒப்பந்தம் செய்தல் போன்ற குற்றங்களுக்கு உள்ளாகிக் கணிசமான பாதிப்பை அடைந்தவர், விசாரணைக்கு உதவியிருந்தால், 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி யு விசா கேட்கலாம். இதற்கு ஐ-918 படிவத்தின் 'பி' இணைப்பில், காவல் துறையோ அரசுத் தரப்பு வழக்கறிஞரோ நீதிபதியோ குழந்தைகள் பாதுகாப்புத் துறையோ கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் யு விசா விண்ணப்பமே கிடையாது.

குற்றவாளி கைது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றோ வழக்கு வெற்றி பெற்றிருக்க வேண்டும் என்றோ கூட்டாட்சிச் சட்டம் கேட்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த குற்றத்துக்கும் சான்று பெறலாம். கணவர் அடித்ததாக ஐந்தாண்டுகளுக்கு முன் காவல் துறையை அழைத்து, பிறகு ஊரார் பேச்சுக்கு அஞ்சி வழக்கை விட்டுவிட்ட ஒரு பெண்ணின் பழைய புகார் எண்கூடத் தொடக்கப் புள்ளியாகலாம். அந்த எண் நினைவில் இல்லையென்றால், காவல் துறையின் பதிவேட்டுப் பிரிவில் பெயர், தேதி, முகவரி ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். இதை வழக்கறிஞர் மூலமாகச் செய்வதே நல்லது.

கூட்டாட்சிச் சட்டம் உள்ளூர் அதிகாரியைக் கையெழுத்திடக் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் ஒரு கவுண்டியில் ஒரே வாரத்தில் கிடைக்கும் சான்று பக்கத்துக் கவுண்டியில் ஓராண்டு கழித்தும் கிடைக்காமல் போகிறது. கலிபோர்னியா தன் தண்டனைச் சட்டத்தின் 679.10 பிரிவின் வழியாக இந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தது: கேட்ட 30 நாட்களுக்குள் அலுவலகம் பதில் தர வேண்டும், கேட்பவர் நாடுகடத்தல் வழக்கில் இருந்தால் 7 நாட்களுக்குள். வேறு சில மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உண்டு. உங்கள் மாநிலத்தில் கெடு இருந்தால் கோரிக்கைக் கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, அனுப்பிய தேதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தான சான்று ஆறு மாதங்களுக்கே செல்லும். அதற்குள் முழு விண்ணப்பமும் யுஎஸ்சிஐஎஸ்ஸைச் சென்றடைய வேண்டும் என்பதால், மருத்துவ ஆவணங்களையும் வாக்குமூலத்தையும் முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டுச் சான்றைக் கேட்பதே அறிவுடைமை.

ஆண்டுக்கு 10,000 முதன்மை விண்ணப்பதாரர்களுக்கே யு விசா வழங்கப்படும் என்ற வரம்பினால் காத்திருப்பு மிக நீண்டது. 2021 ஜூனில் யுஎஸ்சிஐஎஸ், நேர்மையானவை என்று முதற்பார்வையில் தோன்றும் விண்ணப்பங்களுக்கு, விசா வரும் முன்பே வேலை அனுமதி தரும் நடைமுறையைக் கொண்டுவந்தது. அதற்கும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது என்றாலும், விசாவுக்கே காத்திருப்பதைவிட அது குறைவு.

உணவகத்திலோ வீட்டு வேலையிலோ கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு, கடன் கணக்குக் காட்டி, சம்பளமின்றி வேலை வாங்கப்பட்டவர்கள் ஆட்கடத்தலுக்கு உள்ளானவர்களுக்கான டி விசாவைப் பற்றியும் கேட்க வேண்டும். அதற்குக் காவல் துறையின் சான்று பலம் சேர்க்கும், ஆனால் கட்டாயம் அல்ல. குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஆன வாழ்க்கைத் துணையால் கொடுமைக்கு உள்ளானவர்கள், அவருக்குத் தெரியாமலே ஐ-360 படிவத்தின் மூலம் தாமே மனுச் செய்யலாம். அங்கே கவுண்டியின் உதவி பெறும் மகளிர் காப்பகத்தின் கடிதம் முக்கியச் சான்றாகும்.

கவுண்டி நீதிமன்றத்தின் ஆணை: இளையோருக்கான வழி

பெற்றோரில் ஒருவராலோ இருவராலோ கைவிடப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட, கொடுமைக்கு உள்ளான, திருமணமாகாத 21 வயதுக்கு உட்பட்டவருக்கு 'சிறப்புக் குடியேற்ற இளையோர்' என்ற வகை உண்டு. இதற்கு முதலில் வேண்டியது குடியேற்ற நீதிமன்றத்தின் ஆணை அல்ல. குடும்ப வழக்குகளையோ பிள்ளைகளுக்கான பாதுகாவலர் நியமனத்தையோ கவனிக்கும் மாநில நீதிமன்றத்தின் ஆணை. சித்தப்பாவின் வீட்டில் வளரும் பிள்ளைக்குச் சித்தப்பாவைச் சட்டப்படியான பாதுகாவலராக நியமிக்கும் மனுவிலேயே, பெற்றோரால் கைவிடப்பட்டதாகக் கூறும் தீர்ப்புரையையும் கேட்கலாம்.

வயதுதான் இங்கே பெரும் இடர். பல மாநில நீதிமன்றங்களின் அதிகாரம் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் 21 வயது வரை பாதுகாவலர் நியமனத்தை அனுமதிக்கின்றன. ஆணை கிடைத்து மனு ஏற்கப்பட்டபின் கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேர்கிறது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் வேலை அனுமதி பெற 2022இல் திறக்கப்பட்ட வழியை அரசு 2025 ஜூனில் விலக்கிக்கொள்ள, அது வழக்குக்கு உள்ளாயிற்று; விண்ணப்பிக்கும் நாளில் அதன் நிலையை வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள்.

டாக்கா என்று அறியப்படும், சிறுவயதில் வந்தவர்களுக்கான 2012ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏற்கெனவே உள்ளவர்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் ஒரு விசித்திரம் உண்டு. பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து முறையாக வந்து, 21 வயதில் அந்த நிலையை இழக்கும் பிள்ளைகள், 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான நிலையில் இருந்ததாலேயே டாக்காவுக்குத் தகுதி பெறுவதில்லை. விதியை மீறாமல் இருந்ததே அவர்களுக்குத் தடையாக நிற்கிறது. அத்தகைய பிள்ளை இருக்கும் வீட்டார் 21ஆம் பிறந்தநாளுக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

ஐ-765ஐ அனுப்பும்போது

எந்த அடிப்படையில் கேட்கிறீர்கள் என்பதைக் காட்டும் வகைக் குறியீட்டைத் தவறின்றி எழுதுங்கள்: நிலுவையிலுள்ள தஞ்சத்துக்குச் சி8, டாக்காவுக்குச் சி33, நாடுகடத்தலைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் ஒத்திவைப்பு நடவடிக்கைக்குச் சி14, நாடுகடத்தல் தடுத்துவைக்கப்பட்டவருக்கு ஏ10. குறியீடு தவறினால் படிவம் திரும்பி வரும், கட்டிய பணமும் சிக்கும். அனுப்பும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் பக்கத்தில் உள்ள பதிப்புத் தேதியைப் படிவத்தின் அடியில் உள்ள தேதியோடு ஒப்பிடுங்கள். அட்டை அஞ்சலில் வருவதால், பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் அஞ்சல் பெட்டியின் மேல் உங்கள் பெயர் இருக்கட்டும். அட்டை வந்ததும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரில் சென்று எண்ணைக் கேளுங்கள்.

புதுப்பித்தலில் இப்போது கூடுதல் கவனம் தேவை. முன்பு புதுப்பிப்பு விண்ணப்பம் அனுப்பியிருந்தால் பழைய அட்டை 540 நாட்கள் வரை தானாகவே நீடித்தது. 2025 அக்டோபர் 30 முதல் பதிவாகும் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. பெரும்பாலான வகைகளில் அட்டை முடிவதற்கு 180 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க முடியும் என்பதால், அந்த முதல் நாளிலேயே அனுப்பிவிடுங்கள்.

அட்டை வரும் வரை நகராட்சி தரக்கூடியவை

வேலை அனுமதி இல்லாதவருக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும். செய்த வேலைக்குக் கூலி தராத முதலாளியின் மேல் நகரத்தின் அல்லது மாநிலத்தின் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கலிபோர்னியாவில், அத்தகைய விசாரணையில் குடியேற்ற நிலையைக் கேட்பதற்கே சட்டம் தடை போட்டுள்ளது. 2023 ஜனவரியில் கூட்டாட்சி அரசு அறிவித்த நடைமுறை ஒன்றின்படி, தொழிலாளர் அலுவலகம், உள்ளூர் அலுவலகம் உட்பட, ஒரு கடிதம் கொடுத்தால் அந்தப் பணியிடத்துத் தொழிலாளர்கள் ஒத்திவைப்பு நடவடிக்கையும் வேலை அனுமதியும் கேட்க முடிந்தது. 2025இல் ஆட்சி மாறியபின் இதை நம்பி விண்ணப்பிப்பது வேறு விஷயம். வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லாமல் இறங்க வேண்டாம்.

நகராட்சி அடையாள அட்டை வேலை அனுமதி அல்ல என்றாலும், வங்கிக் கணக்குக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் உதவும். நியூ ஹேவன் நகரம் 2007இலும் நியூயார்க் 2015இலும் இதைத் தொடங்கின. வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: நான் காட்டும் ஆவணங்களின் நகலை வைத்துக்கொள்வீர்களா? நியூ ஹேவனில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த இரண்டே நாட்களில் குடியேற்ற அதிகாரிகள் சோதனை நடத்திப் பலரைப் பிடித்துச் சென்றார்கள். நியூயார்க் நகரம் 2016 தேர்தலுக்குப் பின் ஆவண நகல்களைச் சேமிப்பதை நிறுத்தியது. ஃபுளோரிடாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய அட்டைகளுக்கு உள்ளூராட்சிகள் பணம் செலவிடுவதையே தடுத்துள்ளது.

மன்றத்தில் எதைக் கேட்பது

ஊரில் வாக்குரிமை உள்ள தமிழர்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 'நீண்டகாலம் வாழ்ந்து உழைக்கும் ஆவணமற்றோருக்கு வேலை அனுமதி தருக' என்று குடியரசுத் தலைவரையும் காங்கிரசையும் கேட்கும் தீர்மானங்களை நகர மன்றங்களும் கவுண்டி அவைகளும் நிறைவேற்ற முடியும். அவற்றால் யாருக்கும் அட்டை கிடைத்துவிடாது. ஆயினும் குரல்கள் பெருகினால் கூட்டாட்சி அரசு அசைவதுண்டு: நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களின் மேயர்களும் ஆளுநர்களும் தொடர்ந்து வற்புறுத்தியபின், 2023 செப்டம்பரில் சுமார் 4,72,000 வெனிசுவேலா நாட்டவருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு நிலை விரிவாக்கப்பட்டு, வேலை அனுமதிக்கும் வழி பிறந்தது. நிர்வாக ஆணையால் வந்தது நிர்வாக ஆணையாலேயே போகும் என்பதையும் 2025இல் அது பறிக்கப்பட்ட விதம் காட்டிற்று. அதனால் தீர்மானத்தில் காங்கிரசின் சட்டத்தையும் கேளுங்கள். 1972 ஜனவரி 1க்கு முன் வந்தவர்களுக்குக் கிரீன் கார்டு தரும் 'பதிவு' விதியின் தேதி கடைசியாக 1986இல்தான் முன்னகர்த்தப்பட்டது. அதை மீண்டும் நகர்த்தக் கோருவது புதிய சட்டம் கேட்பதைவிட எளிதில் விளங்கும் கோரிக்கை.

என்னைக் கேட்டால், தீர்மானத்தை இரண்டாவதாக வைத்து, பணத்தையும் நடைமுறையையும் முதலில் கேட்பேன். வழக்கறிஞர் நிதிக்கு வரவுசெலவில் ஒரு தொகை. காவல் துறையில் யு விசாச் சான்றுக்குப் பெயர் குறிப்பிட்ட ஓர் அதிகாரி, பதிலுக்கு ஒரு கெடு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருதல். நகர உரிமங்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயமாக்காதிருத்தல். இவற்றை மன்றமே செய்ய முடியும், வாஷிங்டனைக் கேட்க வேண்டியதில்லை. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் உள்ளூராட்சிகளின் கைகளை மாநிலச் சட்டமே கட்டியிருப்பதால், அங்கே வழக்கறிஞர் நிதி, நூலக உதவி போன்ற தடை இல்லாதவற்றோடு நிறுத்திக்கொள்ள நேரலாம்.

தேர்தல் ஆண்டு என்றால் வரவுசெலவு விவாதத்துக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாத வரைவையும், உள்ளூரில் ஆள் கிடைக்காமல் தவிக்கும் உணவக உரிமையாளர், முதியோர் இல்ல நிர்வாகி, பண்ணையாளர் போன்ற இரண்டு மூன்று பேரின் ஆதரவுக் கடிதங்களையும் கொண்டு செல்லுங்கள். தமிழ்ச் சங்கம் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனமாக இருந்தால், தீர்மானத்துக்கு ஆதரவாக ஓரளவு பேசலாம். வேட்பாளர் எவரையும் ஆதரித்துப் பேசக் கூடாது.

கூட்ட நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே ஒட்டப்படும்: கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு, இல்லினாயில் 48 மணி நேரம் முன்பு. பொதுமக்கள் பேசப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே கிடைக்கும் என்பதால் கடிகாரம் வைத்துப் பழகிப் பாருங்கள். அந்தப் பேச்சு ஒளிப்பதிவாகி இணையத்தில் நிலைத்திருக்கும். எழுத்தில் அனுப்பும் கருத்தும் பொது ஆவணமாகி, யார் கேட்டாலும் கொடுக்கப்படும். ஆகவே ஆவணமற்றவர் எவரும் தம் பெயரில், தம் நிலையைச் சொல்லி, மேடையில் பேச வேண்டாம். எவ்வளவு துணிச்சல் இருந்தாலும் வேண்டாம். அவர்களுடைய அனுபவத்தை, ஊர், பணியிடம், வயது போன்ற அடையாளங்களை நீக்கி, குடியுரிமை பெற்ற ஒருவர் சொல்லட்டும். பதிவுச் சீட்டில் முகவரி கேட்கப்பட்டால் அது கட்டாயமா என்று மன்றச் செயலரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் கட்டாயம் இல்லை.

தீர்மானம் நிறைவேறினால் மன்றச் செயலரிடமிருந்து முத்திரையிட்ட நகல்களைப் பெற்று, உங்கள் மாவட்டத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கும் இரு செனட்டர்களுக்கும் அனுப்புங்கள். நிதி ஒதுக்கப்பட்டிருந்தால், எந்த நிறுவனத்துக்கு எப்போது ஒப்பந்தம் வழங்கப்படும், அதில் தமிழ் மொழிபெயர்ப்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்து அதே செயலரிடம் எழுத்தில் கேளுங்கள்.